இன்று கோப்பில் கையெழுத்துப் போடுவது யார்?

2016 அக்டோபர் 11 அன்று ஆளுநர் மாளிகையிலிருந்து ஒரு செய்திக்குறிப்பு வந்தது. முதல்வர் ஜெயலலிதாவிடம் இருந்த துறைகளை நிதியமைச்சர் ஓ. பன்னீர்செல்வம் கவனிப்பார், அமைச்சரவைக் கூட்டங்களுக்கும் அவரே தலைமை தாங்குவார், ஜெயலலிதா முதல்வராகத் தொடர்வார் என்றது அது. அரசு அலுவல்களை அமைச்சர்களுக்குப் பிரித்துக் கொடுப்பது பற்றிய, அரசியலமைப்புச் சட்டத்தின் 166(3) பிரிவின்கீழ் செய்த ஏற்பாடு. கூடவே, இது முதல்வரின் ஆலோசனையின்படி செய்யப்பட்டது என்றும் சொல்லியிருந்தார்கள்.

வருவாய்த் துறையில் பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான். ஓர் உத்தரவைப் பார்த்தால் அதன் பார்வைக் குறிப்பைத்தான் முதலில் தேடுவேன். எந்தக் கடிதத்தின் பேரில், எந்தத் தேதியில், யார் கேட்டதன் பேரில் இந்த உத்தரவு? அன்றைக்கு முதல்வர் மருத்துவமனைக்குப் போய் பத்தொன்பது நாள் ஆகியிருந்தது. அந்த வாரத்து மருத்துவ அறிக்கைகள் மூச்சு விடத் துணைக்கருவி வைத்திருப்பதாகவும், தொற்றுக்குச் சிகிச்சை நடப்பதாகவும் சொல்லிக்கொண்டிருந்தன. அப்படி இருப்பவர் ஆளுநருக்கு ஆலோசனை சொன்னார் என்றால், எப்படிச் சொன்னார்? எழுதிக் கொடுத்தாரா? வாயால் சொன்னாரா, சொன்னதை யார் கேட்டார்? எதிர்க்கட்சித் தலைவர்கள் இதைக் கேட்டார்கள். பதில் வரவில்லை.

அவர் எப்படி இறந்தார் என்ற விவாதத்துக்குள் நான் போகவில்லை. அதைப் பற்றி எழுதியவர்கள் ஏராளம். அந்த விவாதத்தின் சத்தத்தில் அமுங்கிப்போன வேறொரு விஷயம்தான் என் கவலை. ஏழு கோடிக்கும் மேற்பட்ட மக்கள் வாழும் ஒரு மாநிலத்தில், 75 நாட்கள், அரசின் தலைமையில் இருப்பவரால் வேலை செய்ய முடிகிறதா இல்லையா என்பதை அதிகாரபூர்வமாகச் சொல்லும் கடமை ஒருவருக்கும் இல்லை. மருத்துவமனைக்கு இல்லை, தலைமைச் செயலருக்கு இல்லை, அமைச்சரவைக்கு இல்லை, ஆளுநருக்கும் இல்லை. யாரும் சட்டத்தை மீறிவிட்டார்கள் என்று சொல்ல முடியாது. மீறுவதற்கு ஒரு சட்டம் இருந்தால்தானே.

அந்த 75 நாட்களை ஒரு முறை வரிசையாக நினைத்துப் பார்க்கிறேன். செப்டம்பர் 22 இரவு கிரீம்ஸ் சாலை அப்பல்லோவில் சேர்க்கப்பட்டார். காய்ச்சல், நீர்ச்சத்துக் குறைவு என்று முதல் அறிக்கை. அடுத்த நாட்களில் காய்ச்சல் இல்லை, வழக்கமான உணவு எடுத்துக்கொள்கிறார் என்றார்கள். 27ஆம் தேதி, காவிரிப் பிரச்சினை குறித்து மருத்துவமனையிலேயே அதிகாரிகளுடன் ஆலோசனை நடத்தினார் என்று அரசே அறிக்கை விட்டது. 30ஆம் தேதி லண்டனிலிருந்து ரிச்சர்ட் பீல் என்ற தீவிர சிகிச்சை நிபுணர் வந்தார். காய்ச்சலுக்கும் நீர்ச்சத்துக் குறைவுக்கும் லண்டனிலிருந்து மருத்துவர் வரமாட்டார் என்பது டீக்கடையில் நின்றவர்களுக்கும் தெரிந்தது. அப்புறம் டெல்லி எய்ம்ஸ் மருத்துவர்கள் வந்தார்கள். ஆளுநர் வந்தார், தேசியத் தலைவர்கள் வரிசையாக வந்தார்கள். வந்தவர்கள் மருத்துவர்களைப் பார்த்துப் பேசிவிட்டு, நலமாக இருக்கிறார் என்று வாசலில் சொல்லிவிட்டுப் போனார்கள்.

ஒரு புகைப்படம் வெளியிட்டால் வதந்தி அடங்கிவிடும் என்று கருணாநிதி சொன்னார். புகைப்படம் வரவில்லை. உடல்நிலை அறிக்கையை வெளியிடக் கேட்டு உயர் நீதிமன்றத்துக்குப் போன மனு அக்டோபர் 6 அன்று தள்ளுபடி ஆனது. இன்னொரு பக்கம், வதந்தி பரப்பியதாக ஊர் ஊராக வழக்குப் பதிவு செய்து ஆட்களைக் கைது செய்தது காவல்துறை. இது எனக்கு இன்றும் ஆறவில்லை. உண்மையைச் சொல்ல வேண்டியவர்கள் மேல் எந்தக் கட்டாயமும் இல்லை, உண்மை தெரியாமல் பேசியவர்கள் மேல் வழக்கு.

இதற்கிடையே அரசு நின்றுபோகவில்லை. முடிவுகள் எடுக்கப்பட்டுக்கொண்டே இருந்தன, சில பெரிய முடிவுகள். தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டத்தை ஜெயலலிதா ஆண்டுக்கணக்கில் எதிர்த்தவர். அனைவருக்குமான பொது விநியோகத் திட்டம் பாதிக்கப்படும், மாநிலத்துக்குச் செலவு கூடும் என்பது அவர் வாதம். அந்தச் சட்டம் தமிழ்நாட்டில் நடைமுறைக்கு வந்தது 2016 நவம்பர் 1. அப்போது அவர் மருத்துவமனையில்தான் இருந்தார். ஒத்துக்கொண்டது சரியா தவறா என்பது வேறு பேச்சு. ரேஷன் அரிசி எல்லோருக்கும் தொடரும் என்று அரசு சொன்னது, தொடர்ந்தது. ஆனால் அந்த நிலைப்பாட்டை மாற்றியவர் யார்? அவரிடம் கேட்டார்களா? கேட்கும் நிலையில் அவர் இருந்தாரா? அவர் மேல் உயிரையே வைத்திருந்த தொண்டருக்கும், அவரைக் கடுமையாக எதிர்த்தவருக்கும் இந்தக் கேள்விக்குப் பதில் தெரியும் உரிமை ஒரே அளவுதான்.

கைரேகை விஷயம் இன்னும் தெளிவானது. தஞ்சாவூர், அரவக்குறிச்சி, திருப்பரங்குன்றம் தொகுதிகளுக்கு நவம்பர் 19 அன்று வாக்குப்பதிவு. கட்சி வேட்பாளருக்குச் சின்னம் ஒதுக்கும் படிவத்தில் பொதுச்செயலாளர் கையெழுத்து வேண்டும். அந்த இடத்தில் ஜெயலலிதாவின் இடது பெருவிரல் ரேகை இருந்தது. கையில் வீக்கம் இருப்பதால் கையெழுத்துப் போட முடியவில்லை என்று ஓர் அரசு மருத்துவர் சான்றளித்திருந்தார். திருப்பரங்குன்றத்தில் ஜெயித்தவரின் வெற்றி செல்லாது என்று 2019 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. அந்தக் கைரேகையை நீதிமன்றம் ஏற்கவில்லை. தீர்ப்பு வந்தபோது ஜெயித்தவரே உயிரோடு இல்லை. ஒரு கட்சிப் படிவத்தில் வைத்த ரேகையையாவது நீதிமன்றத்தில் நிறுத்திக் கேள்வி கேட்க முடிந்தது. 75 நாட்களில் அரசுக் கோப்புகளில் என்ன நடந்தது என்று அப்படி ஒரு விசாரணை நடக்கவில்லை.

டிசம்பர் 5 மாலை அவர் இறந்துவிட்டதாகத் தொலைக்காட்சிகளில் செய்தி ஓடியது. கட்சி அலுவலகத்தில் கொடி இறங்கி, பிறகு மறுபடி ஏறியது. இரவு 11.30க்கு இறந்தார் என்று பிறகு அறிவித்தார்கள். நள்ளிரவு தாண்டிய கொஞ்ச நேரத்தில் பன்னீர்செல்வம் முதல்வராகப் பதவியேற்றார். மருத்துவர்கள் பத்திரிகையாளர்கள் முன் உட்கார்ந்து நோயை விரிவாக விளக்கியது 2017 பிப்ரவரியில். அம்மா இட்லி சாப்பிட்டார் என்று நாங்கள் சொன்னது பொய் என்று திண்டுக்கல் சீனிவாசன் மேடையில் ஒத்துக்கொண்டது 2017 செப்டம்பரில். அவர் அப்போதும் அமைச்சர். ஜெயலலிதாவின் மரணத்தை விசாரிக்க ஆறுமுகசாமி ஆணையம் அதே மாதம் அமைக்கப்பட்டது. மூன்று மாதத்தில் முடிக்கச் சொன்னது ஐந்து ஆண்டு நீண்டு, 2022 ஆகஸ்டில் அறிக்கை வந்தது. சிகிச்சை சரியாகத்தான் நடந்தது என்று எய்ம்ஸ் மருத்துவக் குழு ஒரு பக்கம் சொல்ல, சசிகலா உள்ளிட்ட நால்வர் மீது விசாரணை தேவை என்று ஆணையம் இன்னொரு பக்கம் சொன்னது. இறந்த தேதியே டிசம்பர் 4தான் என்றும் ஆணையம் கருதியது. ஆறு ஆண்டு கழித்து, மாநிலத்தின் முதல்வர் எந்த நாளில் இறந்தார் என்பதற்கே இரண்டு பதில்கள்.

ஒரு கட்சியை மட்டும் குறை சொல்லி இதை முடித்துவிட முடியாது. 1984 அக்டோபரில் எம்.ஜி.ஆர். இதே அப்பல்லோவில் சேர்ந்தார், நவம்பரில் புரூக்ளின் மருத்துவமனைக்குக் கொண்டுபோகப்பட்டார். டிசம்பரில் தேர்தல். நியூயார்க்கில் படுத்தபடியே ஆண்டிபட்டியில் ஜெயித்தார். அவர் சாப்பிடுவதையும் பேசுவதையும் எடுத்த வீடியோவை ஊர் ஊராகப் போட்டுக் காட்டினார்கள். அப்போது சுகாதார அமைச்சராக இருந்த எச்.வி. ஹண்டே தொடர்ந்து செய்தியாளர்களைச் சந்தித்து நிலைமையைச் சொல்லிவந்தார். பொறுப்புகளை நெடுஞ்செழியன் கவனித்தார். 2016ஓடு ஒப்பிட்டால் அது எவ்வளவோ மேல். ஆனால் அதுவும் ஓர் அமைச்சரின் நல்ல மனசால் நடந்தது, சட்டத்தால் அல்ல. பிப்ரவரியில் திரும்பி வந்தவருக்குப் பேச்சு சரியாக வரவில்லை. அந்தக் குறையோடுதான் 1987 டிசம்பர் வரை ஆட்சி செய்தார். அவரால் எவ்வளவு முடிந்தது என்று கேட்பதே அந்தக் காலத்தில் பாவமாகக் கருதப்பட்டது.

தி.மு.க. பக்கம் முரசொலி மாறன். 2002 இறுதியில் உடல்நிலை மோசமானது. வர்த்தகத் துறை வேறொருவரிடம் போனது. மாறன் இலாகா இல்லாத மத்திய அமைச்சராக 2003 நவம்பரில் இறக்கும்வரை தொடர்ந்தார். துறையை மாற்றிக் கொடுத்ததால் வேலை கெடவில்லை, அதுவரைக்கும் சரி. ஆனால் வேலை செய்யவே முடியாத ஒருவர் ஏறக்குறைய ஓராண்டு அமைச்சர் பட்டியலில் இருந்தார், யாருக்கும் உறுத்தவில்லை. நேருவும் அப்படித்தான். 1964 ஜனவரியில் புவனேஸ்வரில் அவருக்குப் பக்கவாதம் வந்தது. சாஸ்திரியை இலாகா இல்லாத அமைச்சராகக் கொண்டுவந்து உதவிக்கு வைத்தார்கள். மே 27 அன்று இறக்கும்வரை அவரே பிரதமர்.

கோவா முதல்வர் மனோகர் பாரிக்கருக்கு 2018 பிப்ரவரியிலிருந்து சிகிச்சை நடந்தது. கணையப் புற்றுநோய் என்று மாநிலச் சுகாதார அமைச்சர் வாயைத் திறந்து சொன்னது அக்டோபர் இறுதியில். மூக்கில் குழாயோடு அவர் பாலம் பார்க்கப் போன படத்தை மறந்திருக்க மாட்டீர்கள். அந்த மனிதரின் உறுதியைப் பார்த்து எனக்கும் மரியாதைதான் வந்தது. ஆனால் ஒருவரின் உறுதி, ஒரு மாநிலத்துக்கு நிர்வாக ஏற்பாடாக ஆகிவிடாது. 2019 மார்ச் 17 அன்று முதல்வராகவே இறந்தார்.

நல்ல முன்மாதிரியும் நம்மிடமே இருக்கிறது. 2009 ஜனவரியில் மன்மோகன் சிங்குக்கு எய்ம்ஸில் இதய அறுவை சிகிச்சை. என்ன சிகிச்சை, எந்த நாள், அமைச்சரவைக் கூட்டத்துக்கு யார் தலைமை, நிதித்துறையை யார் பார்ப்பார் என்று முன்னாடியே சொல்லிவிட்டார்கள். பிரணாப் முகர்ஜி பார்த்துக்கொண்டார். நாட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை, பிரதமரின் மானத்துக்கும் ஒன்றும் ஆகவில்லை. சில மாதத்தில் நடந்த தேர்தலில் அவர் கூட்டணி மறுபடி ஜெயித்தது.

இப்போது நான் வேலை பார்த்த உலகத்துக்கு வருகிறேன். கிராம நிர்வாக அலுவலர் ஒருவர் டைபாய்டில் படுத்துவிட்டார் என்று வைத்துக்கொள்ளுங்கள். மருத்துவச் சான்றோடு விடுப்பு விண்ணப்பம் வர வேண்டும். பக்கத்துக் கிராமத்துக்காரருக்குக் கூடுதல் பொறுப்பு கொடுத்து வட்டாட்சியர் உத்தரவு போடுவார். அடங்கலும் சிட்டாவும் யார் கையில் இருக்கின்றன என்பதற்கு எழுத்து இருக்கும். உடம்பு தேறித் திரும்பி வரும்போது உடல்தகுதிச் சான்று கொடுத்தால்தான் பணியில் சேர முடியும். விடுப்பு நீண்டுகொண்டே போனால் மருத்துவக் குழு முன்னால் போய் நிற்க வேண்டும். இதில் யாரும் அவமானம் பார்ப்பதில்லை. வாரிசுச் சான்றுக்கு வந்து நிற்கும் ஒரு பெண், இன்று இதில் கையெழுத்துப் போட வேண்டியவர் யார் என்று கேட்டால், அலுவலகம் ஒரு பெயரைச் சொல்லியாக வேண்டும். சொல்லாவிட்டால் அந்தச் சான்றே நாளைக்குச் செல்லாமல் போகலாம்.

கடைநிலையில் இவ்வளவு கறாராக இருக்கும் அமைப்பு, மேலே போகப் போக வாயை மூடிக்கொள்கிறது. நான் பணியாற்றிய ஓர் அலுவலகத்தில் மேலதிகாரி பல வாரம் நடமாட முடியாமல் இருந்தார். விடுப்பு போடவில்லை. கோப்புகள் மூட்டையாக வீட்டுக்குப் போய்வந்தன. திரும்பி வந்த குறிப்புகளில் சிலவற்றின் கையெழுத்து எங்களுக்குப் பழக்கமான கையெழுத்தாக இல்லை. யாரும் ஒன்றும் கேட்கவில்லை. அதில் பெரிய ஊழல் எதுவும் நடந்ததாக நான் நினைக்கவில்லை. ஆனால் அந்த வாரங்களில் ஒரு நில உரிமை வழக்கு தோற்றவர் மேல்முறையீட்டில் வந்து கேட்டிருந்தால் நாங்கள் என்ன சொல்லியிருப்போம் என்று அப்போதே மனசு அடித்துக்கொண்டது.

அரசியலமைப்புச் சட்டத்தைப் புரட்டினால் இந்த முரண் அப்படியே தெரியும். குடியரசுத் தலைவர் நோயால் பணியாற்ற முடியாவிட்டால் குடியரசுத் துணைத் தலைவர் பார்ப்பார் என்று பிரிவு 65(2) நோயைப் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. 1961இல் ராஜேந்திர பிரசாத் நோயுற்றிருந்தபோது ராதாகிருஷ்ணன் அப்படிப் பார்த்தார். நீதிபதியை நீக்கும் காரணங்களில் செயலாற்ற இயலாமையும் ஒன்று, பிரிவு 124(4). தேர்வாணைய உறுப்பினர் உடலாலோ மனத்தாலோ தளர்ந்துவிட்டால் குடியரசுத் தலைவர் நீக்கலாம், பிரிவு 317(3). ஆக, குரூப் 4 தேர்வு நடத்தும் ஆணையத்தின் உறுப்பினருக்கு வழி இருக்கிறது. அந்த மாநிலத்தின் முதல்வருக்கும், நாட்டின் பிரதமருக்கும் வழி இல்லை. அவர்கள் உயிரோடு இருந்து, சட்டமன்றத்தின் நம்பிக்கை கணக்கில் குறையாத வரை, பதவி ஓடிக்கொண்டே இருக்கும். நாடாளுமன்ற முறையில் கட்சியே பார்த்துக்கொள்ளும் என்று சட்டம் எழுதியவர்கள் நம்பியிருக்கலாம். ஒரே தலைவரைச் சுற்றிச் சுழலும் கட்சிகள் வந்தபின் அந்த நம்பிக்கைக்கு இடமில்லை.

அமெரிக்காவில் சட்டம் இருக்கிறதே, அங்கே எல்லாம் ஒழுங்காக நடக்கும் என்று நினைத்தால் 2024 ஜனவரியைப் பார்க்க வேண்டும். அப்போது அங்கே பாதுகாப்பு அமைச்சராக இருந்தவர் லாயிட் ஆஸ்டின். அணு ஆயுதக் கட்டளை வரிசையில் அதிபருக்கு அடுத்தபடி நின்றவர். 2023 டிசம்பர் 22 அன்று வால்டர் ரீட் ராணுவ மருத்துவமனையில் அவருக்குப் புராஸ்டேட் புற்றுநோய் அறுவை சிகிச்சை நடந்தது. அதிபரிடம் சொல்லவில்லை. ஜனவரி 1 அன்று தொற்றினால் கடும் வலி வந்து ஆம்புலன்சில் போனார். விளக்கும் சைரனும் இல்லாமல் வரச் சொல்லி ஆம்புலன்சை அழைத்த ஒலிப்பதிவு பிறகு வெளியானது. தீவிர சிகிச்சைப் பிரிவுக்குப் போனார். ஜனவரி 2 அன்று துணை அமைச்சர் கேத்லீன் ஹிக்ஸுக்குச் சில அதிகாரங்கள் மாற்றப்பட்டன. அவர் விடுமுறைக்காகப் போர்ட்டோ ரீக்கோவில் இருந்தார். எதற்காக இந்தப் பொறுப்பு தன்னிடம் வருகிறது என்று அவருக்கே சொல்லவில்லை. வெள்ளை மாளிகைக்குத் தெரிந்தது 4ஆம் தேதி. அதே நாள் பாக்தாதில் அமெரிக்கப் படை தாக்குதல் நடத்தியது. மக்களுக்குத் தெரிந்தது 5ஆம் தேதி மாலை. புற்றுநோய் என்று அதிபர் பைடனுக்குத் தெரிந்தது 9ஆம் தேதி.

காரணம் தேடியபோது பெரிய சதி எதுவும் அகப்படவில்லை. அமைச்சரின் அலுவலகத் தலைமை அதிகாரிக்குக் காய்ச்சல், அதனால் தகவல் தாமதம் என்றார்கள். கெட்ட நோக்கம் இல்லை என்றது உள் ஆய்வு. ஆஸ்டின் பிப்ரவரி 1 அன்று செய்தியாளர் முன் நின்று, இதை நான் சரியாகக் கையாளவில்லை என்று மன்னிப்புக் கேட்டார். புற்றுநோய் என்றதும் அதைத் தனக்குள்ளேயே வைத்துக்கொள்ளத்தான் முதலில் தோன்றியது என்றும் சொன்னார். அதை நான் முழுக்க நம்புகிறேன். என் அப்பாவுக்கு அதே நோய் வந்தபோது சொந்தத் தம்பியிடம்கூடச் சொல்ல விடவில்லை. ஆண்கள் சிறுநீர்ப் பை பற்றியும் புராஸ்டேட் பற்றியும் பேசக் கூசுவது எல்லா ஊரிலும் ஒன்றுதான்.

ஆனால் ஆஸ்டின் கதையின் இரண்டாம் பாகம்தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. அதிகாரம் கை மாறினால் காரணத்தையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்று அந்தத் துறை ஜனவரியிலேயே நடைமுறையை மாற்றியது. பிப்ரவரி 11 அன்று ஆஸ்டின் மறுபடி மருத்துவமனைக்குப் போக வேண்டி வந்தது. அன்றைக்கே அறிவிப்பு வந்தது, துணை அமைச்சரிடம் பொறுப்பு போனது, வெள்ளை மாளிகைக்கும் நாடாளுமன்றத்துக்கும் தகவல் போனது. இரண்டு நாளில் வீட்டுக்குத் திரும்பினார். இந்த இரண்டாவது முறையை இன்று யாரும் நினைவில் வைத்திருக்கவில்லை. அதே மனிதர், அதே மருத்துவமனை. நடுவில் மாறியது அலுவலக நடைமுறை மட்டும்.

மருத்துவ அறிக்கை வெளியிடு என்று ஒற்றை வரியில் சட்டம் போட்டால் போதுமா? போதாது என்பதற்குப் பிரான்ஸ் சாட்சி. மித்தரான் 1981இல் அதிபரானதும், ஆறு மாதத்துக்கு ஒரு முறை உடல்நிலை அறிக்கை வெளியிடுவேன் என்று வாக்குக் கொடுத்தார். அந்த ஆண்டு நவம்பரிலேயே புராஸ்டேட் புற்றுநோய், எலும்பு வரை பரவியது தெரிந்தது. அறிக்கைகள் தவறாமல் வந்துகொண்டே இருந்தன, நோயைப் பற்றி ஒரு வார்த்தை இல்லாமல். கையெழுத்துப் போட்டவர் அவருடைய சொந்த மருத்துவர். நோய் வெளியே தெரிந்தது 1992இல். அவர் 1996 ஜனவரியில் இறந்ததும் அந்த மருத்துவர் எல்லாவற்றையும் புத்தகமாக எழுதினார், நீதிமன்றம் அதைத் தடை செய்தது. நோயாளியின் தயவில் இருக்கும் மருத்துவரிடம் பொது உண்மையை எதிர்பார்ப்பது அந்த மருத்துவருக்கே செய்யும் கொடுமை. நம் ஊர் தனியார் மருத்துவமனை நிர்வாகமும் ஆளும் கட்சித் தலைவரின் அறை வாசலில் அதே நிலையில்தான் நிற்கும்.

எனக்குத் தெரிந்த நண்பர்கள், குறிப்பாக மருத்துவர்கள், ஒரு நியாயமான எதிர்ப்பைச் சொல்கிறார்கள். நோய் என்பது அந்தரங்கம். அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017இல் உச்ச நீதிமன்றம் ஒன்பது நீதிபதிகளை வைத்துச் சொல்லிவிட்டது. மனநோய் என்று வெளியே தெரிந்தால் ஒருவரின் பொதுவாழ்வே போய்விடும். 1972இல் அமெரிக்கத் துணை அதிபர் வேட்பாளர் தாமஸ் ஈகிள்டன், மனச்சோர்வுக்கு மின்னதிர்வு சிகிச்சை எடுத்தவர் என்று தெரிந்ததும் சில நாட்களில் விலக நேர்ந்தது. இங்கே ஒரு பெண் தலைவரைப் பற்றி அப்படி ஒரு தகவல் கிடைத்தால் மேடைகளில் என்ன பேசுவார்கள் என்று யோசிக்கவே கூசுகிறது. கட்சிக்குள் இருக்கும் எதிரிகள் இதை ஆயுதமாக எடுப்பார்கள் என்பதும் உண்மை.

அந்தப் பயத்துக்கு நார்வேயில் பதில் கிடைத்தது. 1998 ஆகஸ்ட் இறுதியில் பிரதமர் பூண்டெவிக், மனச்சோர்வு காரணமாக விடுப்பில் போகிறேன் என்று வெளிப்படையாக அறிவித்தார். சில வாரம் விடுப்பில் இருந்தார், மூத்த அமைச்சர் ஒருவர் பொறுப்பைப் பார்த்தார். திரும்பி வந்து வேலையைத் தொடர்ந்தார். இடையில் ஆட்சியை இழந்தாலும் 2001இல் மறுபடி பிரதமரானார். ஈகிள்டனைத் தோற்கடித்தது நோய் அல்ல, அதை வேறு யாரோ கண்டுபிடிக்கும் நிலை வந்ததுதான் என்று நினைக்கிறேன்.

அதோடு, நான் கேட்பது நோயின் பெயரை அல்ல. ஸ்கேன் படமோ ரத்தப் பரிசோதனை முடிவோ எனக்கு வேண்டாம். படுக்கையில் இருப்பவரின் புகைப்படமும் வேண்டாம். கருணாநிதி கேட்டது அன்றைய சூழலில் புரிகிறது, ஆனால் அதைச் சட்டமாக்கினால் நோயாளியைக் காட்சிப்பொருள் ஆக்கிவிடுவோம். ஜெயலலிதா மருத்துவமனையில் பழரசம் குடிக்கும் காணொளியை ஆர்.கே. நகர் வாக்குப்பதிவுக்கு முந்தின நாள் வெளியிட்டார்களே, அது 2017 டிசம்பர். முன்பே சொல்லியிருக்க வேண்டிய தகவலைச் சொல்லாமல் விட்டதால்தான், கடைசியில் அவருடைய அந்தரங்கம் ஒரு இடைத்தேர்தல் சரக்காக ஆனது. மறைத்து வைத்து யாருடைய மானத்தைக் காப்பாற்றினார்கள்?

மக்களுக்குத் தெரிய வேண்டியவை மூன்றே மூன்று. இவரால் இன்று முடிவெடுக்க முடிகிறதா? முடியவில்லை என்றால் அவர் இடத்தில் யார்? எத்தனை நாளுக்கு? முதலாவதற்கு ஆம், இல்லை என்ற பதிலே போதும்.

இதைச் சொல்லும் கடமை பதவியில் இருப்பவரிடம் முதலில் இருக்க வேண்டும், திட்டமிட்ட சிகிச்சை என்றால் அவரே முன்கூட்டி எழுதிக் கொடுத்துவிட்டுப் போகலாம். அவர் நினைவிழந்தோ பேச முடியாமலோ போனால் தலைமைச் செயலருக்கு அந்தக் கடமை. 24 மணி நேரத்துக்குள் ஆளுநருக்கும் பேரவைத் தலைவருக்கும் எழுத்தில் தெரிவிக்க வேண்டும், 48 மணி நேரத்துக்குள் மக்களுக்கு. தெரிவிக்காமல் விட்டால் அவர் மீது நடவடிக்கை. தலைமைச் செயலரும் முதல்வர் நியமித்தவர்தானே, அவர் துணிவாரா என்று கேட்பீர்கள். அதற்காகத்தான் மருத்துவக் குழு முன்பே இருக்க வேண்டும் என்கிறேன். நோய் வந்தபின் தேடிப்பிடிக்கும் குழுவாக இருக்கக் கூடாது. அரசு மருத்துவக் கல்லூரிகளின் மூத்த பேராசிரியர்களிலிருந்து, ஆட்சி தொடங்கும்போதே, எதிர்க்கட்சித் தலைவரின் ஒப்புதலோடு அமைத்துவிட வேண்டும். சிகிச்சை தரும் மருத்துவர் அந்தக் குழுவில் இருக்கக் கூடாது. குழு சொல்வது செயலாற்ற முடிகிறதா என்பதை மட்டும்.

காலவரையறையும் வேண்டும். இஸ்ரேலில் பிரதமர் ஏரியல் ஷரோன் 2006 ஜனவரி 4 அன்று மூளை ரத்தக்கசிவில் விழுந்தார். ஓல்மர்ட் உடனே தற்காலிகப் பிரதமர் ஆனார். தொடர்ந்து 100 நாள் செயலாற்ற முடியாவிட்டால் பிரதமர் பதவி முடிந்ததாகக் கொள்ளும் சட்டம் அங்கே இருக்கிறது. ஏப்ரலில் அப்படியே நடந்தது. ஷரோன் நினைவு திரும்பாமலே 2014 வரை உயிரோடு இருந்தார். அந்த எட்டு ஆண்டும் அவர் குடும்பத்துக்குத் தனிமை கிடைத்தது, அறை வாசலில் ஆட்சி காத்துக்கொண்டிருக்கவில்லை. நோயாளிக்கும் அது ஒரு விடுதலை என்று எனக்குத் தோன்றுகிறது.

இதற்கெல்லாம் அரசியலமைப்பைத் திருத்த வேண்டும், அது எப்போது நடக்கும் என்று சலித்துக்கொள்ளத் தேவையில்லை. பதவி எப்போது முடியும் என்ற கடைசிப் பகுதிக்குத்தான் திருத்தம் வேண்டும். அறிவிக்கும் கடமையும் பொறுப்பு மாற்றமும் அந்த 166(3) பிரிவின்கீழ் வரும் தமிழ்நாடு அரசு அலுவல் விதிகளில் சேர்க்கக் கூடியவை. அமைச்சரவை முடிவெடுத்து ஆளுநர் பெயரில் அரசிதழில் வெளியிட்டால் போதும். சட்டமன்றத்தில் வாக்கெடுப்புகூடத் தேவையில்லை. எந்தக் கட்சி ஆட்சியில் இருந்தாலும், முதல்வர் திடமாக நடமாடிக்கொண்டிருக்கும் காலத்திலேயே செய்ய வேண்டிய வேலை இது. நோய் வந்தபின் யார் கொண்டுவந்தாலும் அது துரோகமாகத்தான் பார்க்கப்படும்.

2017க்குப் பிறகு இரண்டு கட்சிகளும் ஆட்சியில் இருந்திருக்கின்றன. ஆணையத்தின் அறிக்கை 2022 அக்டோபரில் சட்டமன்றத்தில் வைக்கப்பட்டபோது யார் குற்றவாளி என்று நாள்கணக்கில் பேசினார்கள். பணியில் இருந்த காலத்தில் நானே அலுவல் விதிகளைக் கையில் வைத்துக் குறிப்பு எழுதியிருக்கிறேன். நான் மேலே சொன்னதை அதில் ஒன்றரைப் பக்கத்தில் எழுதிவிடலாம். என் பங்குக்கு ஒரு வரைவு எழுதி, தொகுதி எம்.எல்.ஏ. அலுவலகத்தில் கொடுத்து, ஒப்புகைச் சீட்டு வாங்கி வைத்திருக்கிறேன். இதைப் படிப்பவர்களில் சட்டம் படித்தவர்கள் இருந்தால், பேரவையின் மனுக்கள் குழுவுக்கும் அதை அனுப்புவதற்கு எந்த வடிவத்தில் எழுத வேண்டும் என்று சொல்லுங்கள்.